ரெய்டு இருக்குல்ல, அப்புறம் எதுக்கு பேக்கப்?

தலைப்பைப் பார்த்துட்டு வருமான வரித்துறை பத்தின பதிவுன்னு ஓடி வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடாதீங்க :-) இது வேற ரெய்டு. சர்வர் ரூம்ல பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ரெய்டு. பொட்டி தட்டற கும்பலுக்கு மட்டுமான பதிவுன்னும் நினைச்சுடாதீங்க. சம்பளம் வாங்கற, பில் கட்டற, ஆஸ்பத்திரிக்குப் போற எல்லாரோட கணக்கும் இன்னிக்கு இந்தப் பொட்டிகளுக்குள்ளதான் இருக்கு. கவிதை, சினிமா விமர்சனம் எழுதற மக்களும் கொஞ்சம் பொறுமையா வாங்க. கடைசியில உங்களுக்கும் ஒரு மேட்டர் வெச்சிருக்கேன்.

சொல்ல வர்றதை மொதல்லயே போட்டு உடைச்சுடறேன். பேக்கப் இல்லாத இடத்துல "ரெகவரி" என்பது திறமை இல்லை, அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு கம்பெனியை நடத்தறது முதலாளியோட முடிவு. ஆனா அது கவுந்த அன்னிக்குப் பழி விழறது செலவுக்குக் கையெழுத்துப் போட அதிகாரமே இல்லாத கான்ட்ராக்ட் பையன் தலையில. இந்த அநியாயத்தைப் பத்திதான் பதிவு.

நான் குப்பை கொட்டறது இருங்காட்டுக்கோட்டையில. 1998-ல ஹூண்டாய் இங்கேர்ந்து சான்ட்ரோவை வெளியே விட ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த ஏரியாவோட முகமே மாறிடுச்சு. அப்படியே ஒரகடம் பக்கம் வண்டியை விட்டீங்கன்னா ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ்னு வரிசையா வரும். பெரிய கம்பெனிகளைப் பத்தி எனக்குக் கவலை இல்லை, அவங்ககிட்ட ஆளும் பணமும் இருக்கு. என் கவலை எல்லாம் அவங்களுக்குப் பார்ட்ஸ் சப்ளை பண்ற ரெண்டாம் கட்ட, மூணாம் கட்ட கம்பெனிகளைப் பத்தித்தான். பிரஸ் ஷாப், பிளாஸ்டிக் மோல்டிங், ரப்பர் பார்ட்ஸ், ஒயரிங் இந்த மாதிரி. இவங்க எல்லார்கிட்டயும் இன்னிக்கு ஒரு சர்வர் ரூம் உண்டு. ரூம்னு சொன்னது மரியாதைக்கு. பல இடத்துல அது மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. பழைய பிரிண்டர், பேப்பர் பண்டல், ஆயுத பூஜை சாமான் எல்லாம் அதுக்குள்ளதான்.

விர்ச்சுவல் மெஷின் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரே இரும்புப் பொட்டிக்குள்ள பத்துப் பதினஞ்சு கம்ப்யூட்டர் இருக்கிற மாதிரி நடிக்க வைக்கிற வித்தை அது. ஈஆர்பிக்கு ஒண்ணு, டாலிக்கு ஒண்ணு, அட்டெண்டன்ஸுக்கு ஒண்ணு, டிராயிங் ஃபைல்களுக்கு ஒண்ணு. ஒவ்வொரு மெஷினோட ஹார்டு டிஸ்க்கும் உண்மையில ஒரு பெரிய ஃபைல், அவ்வளவுதான். இந்த ஃபைல்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கிற இடம் ஸ்டோரேஜ். பொதுவா மூணு சர்வர் இருக்கும், ஸ்டோரேஜ் மட்டும் ஒண்ணே ஒண்ணு இருக்கும். ஊர்ப்பக்கத்து ஆளுங்களுக்குச் சொன்னா உடனே புரியும்: ஒரே கிணறு, மூணு மோட்டார். ஒரு மோட்டார் காயில் போனா இன்னொண்ணு இறைக்கும். கிணறே இடிஞ்சு விழுந்தா? மூணு மோட்டாரையும் வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இங்கேதான் நம்ம தலைப்பு வருது. "கிணறு எப்படிய்யா இடியும், ரெய்டு போட்டிருக்கோம்ல?"

ரெய்டு என்பது ஸ்டெப்னி டயர். ரெய்டு 5 போட்டா ஒரு டிஸ்க் செத்தாலும் வண்டி ஓடும், ரெய்டு 6 போட்டா ரெண்டு செத்தாலும் ஓடும். பஞ்சர் ஆனா வண்டி நிக்காமப் போறதுக்கு அது. லாரியில மோதினா ஸ்டெப்னி காப்பாத்துமா? ஃபைலை எவனோ அழிச்சா, ரெய்டு எல்லா டிஸ்க்குலயும் ஒழுங்கா, ஒரு பிட்டு குறையாம அழிச்சுக் குடுக்கும். வைரஸ் வந்து பூட்டுப் போட்டா, அந்தப் பூட்டையும் பத்திரமாப் பாதுகாக்கும். அதோட வேலை அது. அதைக் குத்தம் சொல்ல முடியாது.

சரி, டிஸ்க் சாகறதுக்காவது முழுசா உதவுமா? அதுலயும் ஒரு ஓட்டை உண்டு. ரெய்டோட கணக்கே "எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்துல சாகாது" என்ற நம்பிக்கையில நிக்குது. ஆனா நாம வாங்கறது ஒரே கம்பெனி, ஒரே லாட்டு, ஒரே நாள்ல மாட்டினது. 2019 நவம்பர்ல ஹெச்பிஈ கம்பெனியே ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. அவங்க வித்த சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள், ஃபர்ம்வேர் கோளாறால, மொத்தம் 32,768 மணி நேரம் ஓடி முடிச்சதும் செத்துடும்னு. அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். செத்தபிறகு டிஸ்க்கையும் மீட்க முடியாது, உள்ளே இருக்கிறதையும் மீட்க முடியாதுன்னு அவங்களே சொன்னாங்க. எட்டு டிஸ்க்கை ஒரே நாள்ல மாட்டி, ஒரே நேரத்துல ஸ்விட்ச் போட்டிருந்தா எட்டும் ஏறத்தாழ ஒரே நேரத்துல போகும். இப்ப உங்க ரெய்டு என்ன பண்ணும்? கூட்டுப் பிரார்த்தனை பண்ணும்.

இதே மாதிரி பேக்கப் வேஷம் போட்டுக்கிட்டுத் திரியற இன்னும் மூணு பேர் உண்டு.

ஸ்நாப்ஷாட்: அதே கிணத்துக்குள்ள கட்டித் தொங்கவிட்ட வாளி. கிணறு போனா வாளியும் போச்சு. மறந்து விட்டா வளர்ந்துக்கிட்டே போய் டேட்டாஸ்டோரை நிரப்பி, இருக்கிற மெஷின்களையும் நிறுத்தும்.

ஹை அவைலபிலிட்டி: ஒரு சர்வர் செத்தா இன்னொண்ணுல மெஷினை எழுப்பி விடும். எழுப்பறதுக்கு ஃபைல் இருக்கணுமே சாமி.

ரெப்ளிகேஷன்: இங்கே நடக்கறதை அங்கேயும் நடத்தும். நல்லதையும், கெட்டதையும்.

ஸ்டோரேஜ் விக்க வர்ற டை கட்டின அண்ணாச்சிங்க இந்த நாலையும் வண்ண வண்ண ஸ்லைடுல போட்டு "உங்க டேட்டா நூறு சதவீதம் பத்திரம் சார்"னு சொல்லிட்டு, காப்பி குடிச்சுட்டுப் போயிடுவாங்க. "இது பேக்கப் இல்லை, அதைத் தனியா வாங்கணும்"னு எந்த ஸ்லைடுலயும் பெரிய எழுத்துல நான் பார்த்ததில்லை. சொன்னா விலை ஏறும், ஆர்டர் போயிடும்.

"யோவ், அப்ப ரெகவரின்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? அதை வெச்சே எத்தனையோ பேர் பொழைக்கிறாங்களே?"ன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது. இருக்கு. ஆனா எந்த அளவுக்குன்னு நேர்மையாப் பார்ப்போம். திரையில "டேட்டாஸ்டோர் இன்ஆக்ஸஸிபிள்"னு சாம்பல் கலர்ல ஒரு வரி வரும். அந்த ஒரே வரிக்குப் பின்னாடி அஞ்சு விதமான நிலைமை இருக்கலாம்.

1. பாதை போச்சு. கேபிள், ஃபைபர் ஸ்விட்ச், ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் இதுல ஏதோ ஒண்ணு. சரக்கு குடோன்ல பத்திரமா இருக்கு, ரோடு மட்டும் பிளாக். ரோட்டைச் சரி பண்ணினா முடிஞ்சது. இது உங்களுக்கு அமைஞ்சா பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைங்க.

2. கதவு திறக்கலை. ஸ்டோரேஜ்ல கை வெச்சதுல வால்யூமோட அடையாளம் மாறிப்போய், சர்வர் அதை "இது ஒரிஜினல் இல்ல, நகல்"னு சந்தேகப்பட்டு ஒதுக்கி வெச்சிருக்கும். அல்லது பார்ட்டிஷன் டேபிள் அழிஞ்சிருக்கும். முதலாவதுக்குப் பழைய அடையாளத்தோடயே மவுண்ட் பண்ண வழி இருக்கு. ரெண்டாவதுக்கு, பார்ட்டிஷன் எந்த செக்டார்ல ஆரம்பிச்சு எங்கே முடிஞ்சதுன்னு தெரிஞ்சா திருப்பி எழுதலாம். தெரிஞ்சவன் கை வெச்சா வரும்.

3. அட்டை கிழிஞ்சு போச்சு. விஎம்வேர்ல ஒரு டிஸ்க்குக்கு ரெண்டு ஃபைல் இருக்கும். சின்னதா ஒரு விவரக்குறிப்பு ஃபைல், பெரிசா "ஃபிளாட்" என்ற ஃபைல். குறிப்பு போனாலும் ஃபிளாட் முழுசா இருந்தா, அதோட அளவைப் பார்த்துக் குறிப்பைப் புதுசா எழுதி மெஷினை எழுப்பிடலாம். 2023 பிப்ரவரியில ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற ரான்சம்வேர் உலகம் பூரா ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களைப் பூட்டினப்போ, பல பேர் தப்பிச்சது இந்த வழியிலதான். பெரிய ஃபைல்களோட உள்ளடக்கத்தை அது முழுசாப் பூட்டாம விட்டிருந்துச்சு. அமெரிக்காவோட சிசா அமைப்பு அதுக்கு ஒரு ஸ்கிரிப்ட்டே வெளியிட்டுச்சு. அடுத்த சில நாள்லயே திருடன் புது வெர்ஷன் விட்டான், அதுல இன்னும் நிறையப் பகுதியைப் பூட்டினான், வழி அடைஞ்சு போச்சு. முந்தின வாரம் மாட்டினவனுக்கு டேட்டா கிடைச்சுது, இந்த வாரம் மாட்டினவனுக்குப் பட்டை நாமம். இதுல ரெண்டு பேரோட திறமைக்கும் என்ன சம்பந்தம்?

4. செங்கல்லே உதிர்ந்து போச்சு. ரெய்டு உடைஞ்ச கேஸ். டிஸ்க் வரிசை என்ன, ஸ்ட்ரைப் அளவு என்ன, எது முதல்ல விழுந்துச்சு, எது கடைசியா விழுந்துச்சு எல்லாம் தெரியணும். மாசக்கணக்குல முன்னாடி விழுந்த பழைய டிஸ்க்கை "ஃபோர்ஸ் ஆன்லைன்" பண்ணி உள்ளே சேர்த்தா, பழைய பாலும் புதுப் பாலும் கலந்த மாதிரி மொத்தமும் திரிஞ்சு போகும். ஒவ்வொரு டிஸ்க்கையும் முதல்ல நகல் எடுத்துட்டு, நகல் மேலதான் ஆராய்ச்சி பண்ணணும். லேப்ல பண்ற வேலை இது. பாதி வரும், முக்கால் வரும், சில சமயம் முழுசாவும் வரும்.

5. இல்லவே இல்லை. டேட்டாஸ்டோர்ல ஃபைலை அழிச்சு, கீழே எஸ்எஸ்டி ஸ்டோரேஜா இருந்து, காலி இடத்தைத் திருப்பிக் குடுக்கற "அன்மேப்" வேலை ஓடி முடிஞ்சிருந்தா, அல்லது "இனிஷியலைஸ்" பண்ணி அது மேல புதுசா எழுதியிருந்தா, அல்லது முறையாப் பூட்டப்பட்டு சாவி திருடன்கிட்ட இருந்தா, அந்தப் பிரம்மனே வந்தாலும் முடியாது.

இந்த அஞ்சுல நீங்க எதுல விழுவீங்கன்னு தேர்ந்தெடுக்கற உரிமை உங்களுக்குக் கிடையாது. அதனாலதான் அதிர்ஷ்டம்னு சொன்னேன். ரெகவரி பண்றவங்களை நான் குறைச்சு மதிக்கலை. அவங்க கைக்கு ஆயிரம் கும்பிடு. ஆனா ஐசியூ டாக்டர் நல்லவர்னு யாராவது ஹெல்மெட் போடாம பெங்களூர் ஹைவேல போவாங்களா?

இன்னொரு கொடுமை. ஒண்ணுல இருக்கிற கேஸை அஞ்சுக்குத் தள்ளறது பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரம்தான். "ஏதாவது பண்ணு, ஏதாவது பண்ணு"ன்னு பின்னாடி நாலு பேர் நின்னுக்கிட்டுக் கத்தினா, பையன் ஏதாவது பண்ணுவான். ரீபூட் பண்ணுவான். ரீபில்டு குடுப்பான். திரையில "ஃபார்மட் பண்ணட்டுமா?"ன்னு கேட்டா, பதட்டத்துல ஓகே அழுத்துவான். அந்த நேரத்துல பண்ண வேண்டிய உத்தமமான காரியம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது, லாக்கைச் சேமிக்கறது, எந்த ஸ்லாட்டுல எந்த டிஸ்க்குன்னு போட்டோ எடுக்கறது. ஆனா கையைக் கட்டிக்கிட்டு நிக்கறவனை நம்ம ஊர்ல வேலை செய்யறவனா யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

நான் நேர்ல பார்த்த ஒரு கேஸ். கம்பெனி பேர் வேண்டாம். இதே காரிடார்ல இருக்கிற ஒரு பார்ட்ஸ் கம்பெனி. பதினாலு மெஷின், ஒரே ஸ்டோரேஜ், எட்டு டிஸ்க். ஒரு டிஸ்க் முன்னாடியே செத்து ஆரஞ்சு லைட்டு காட்டிக்கிட்டு இருந்துச்சு, மாத்தறதுக்கு பர்ச்சேஸ்ல ஃபைல் நகரலை. ரெண்டாவதும் விழுந்துச்சு. தெரிஞ்சவன்னு என்னைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாங்க. நான் போனப்போ முதலாளியும் அந்தப் பையனும் பேசிக்கிட்டது இது:

"தம்பி, எட்டு டிஸ்க்கு வாங்கிக் குடுத்தேன். ரெய்டு போட்டாச்சு, கவலை இல்லைன்னு எல்லாரும் சொன்னீங்க. இப்ப எல்லாம் போச்சுன்னா என்ன அர்த்தம்?"

"சார், பேக்கப்புக்குத் தனியா ஒரு பொட்டி வேணும்னு ரெண்டு தடவை மெயில் போட்டேன் சார்."

"மெயில் போட்டா ஆச்சா? நேர்ல வந்து அழுத்திச் சொல்லியிருக்கணும்ல?"

இருபத்தி நாலு வயசுப் பையன், கான்ட்ராக்ட் ஆள், எம்.டி. ரூமுக்குள்ள போய் அழுத்திச் சொல்லணுமாம். நல்லா இருக்கு நியாயம்! அந்தப் பையன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருந்தான், எதையும் தொடாம வெச்சிருந்தான். அதனாலதான் லேபுக்குப் போன டிஸ்க்குகள்லேர்ந்து பதினொரு மெஷின் திரும்பி வந்துச்சு. வராத மூணுல ஒண்ணு ஈஆர்பி டேட்டாபேஸ். பில்லிங் பிள்ளைங்க ராத்திரி பகலா உட்கார்ந்து டெலிவரி சலானையும், கேட்டுல செக்யூரிட்டி கையால எழுதின ரிஜிஸ்டரையும் பார்த்துப் பார்த்துத் திருப்பி ஏத்தினாங்க. ஆக, அன்னிக்கு அந்தக் கம்பெனியோட ஒரே உண்மையான பேக்கப் செக்யூரிட்டி அண்ணனோட பால் பாயின்ட் பேனாதான். லேபுக்குக் குடுத்த காசு, பையன் கேட்ட பொட்டியோட விலையை விடப் பல மடங்கு. பையனோட கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கலை. ரெண்டு மெயிலையும் படிச்சுட்டு "அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்"னு பதில் போட்டவர் அதே சீட்லதான் இருக்கார்.

"சின்னக் கம்பெனி, பாவம், காசில்லை"ன்னு வக்காலத்து வாங்க வர்றவங்களுக்கு: இது காசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. இந்த ஏரியாவுல கொரிய எழுத்துல ஹோட்டல் போர்டு பார்க்காதவங்க இருக்க முடியாது. அந்தக் கொரியா, உலகத்துக்கே மெமரி சிப் விக்கிற நாடு. 2025 செப்டம்பர் 26-ம் தேதி தேஜான் நகரத்துல அவங்க அரசாங்க டேட்டா சென்டர்ல லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சுது. 709 அரசுச் சேவைகள் நின்னு போச்சு. அதுல "ஜி-டிரைவ்"னு ஒண்ணு, சுமார் ஏழரை லட்சம் அரசு ஊழியர்களுக்காக வெச்சிருந்த ஸ்டோரேஜ். 858 டெராபைட். மொத்தமும் எரிஞ்சு போச்சு. வெளியே பேக்கப் கிடையாது. ஏன்னு கேட்டா, இவ்வளவு பெரிசை பேக்கப் எடுக்கற மாதிரி அதோட அமைப்பு இல்லைன்னு பதில். அதாவது, பொருள் ரொம்பப் பெரிசு, அதனால பூட்டு போடலை! உங்க வேலை ஃபைல் எல்லாத்தையும் சொந்தக் கம்ப்யூட்டர்ல வைக்காம இதுலதான் வைக்கணும்னு ஊழியர்களுக்குச் சொல்லியும் வெச்சிருந்தாங்க. தொழில்நுட்பம் தெரியாத நாடா அது? "ஒண்ணும் ஆகாது" என்ற வியாதிக்கு நாடு, மொழி எதுவும் கிடையாது.

"ஒரு சின்ன சப்ளையர் நின்னா பெரிய கம்பெனிக்கு என்ன வந்துச்சு?"ன்னு கேக்கறவங்களுக்கு ஜப்பான் கதை. 2022 பிப்ரவரி கடைசியில கொஜிமா இண்டஸ்ட்ரீஸ்னு டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பார்ட்ஸ் சப்ளை பண்ற கம்பெனியை ரான்சம்வேர் தாக்குச்சு. மார்ச் 1-ம் தேதி டொயோட்டா ஜப்பான்ல இருக்கிற தன்னோட 14 தொழிற்சாலையையும், 28 லைனையும் நிறுத்துச்சு. அடுத்த வருஷம் 2023 ஆகஸ்ட் கடைசியில அதே 14 தொழிற்சாலை மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவை திருடனும் இல்லை, தீயும் இல்லை. பார்ட்ஸ் ஆர்டர் பண்ற சர்வர்ல முந்தின நாள் பராமரிப்பு வேலை நடந்தப்போ டிஸ்க்ல இடம் தீர்ந்து போச்சு. மாத்து சர்வர் இருந்துச்சு, ஆனா அதுவும் அதே அமைப்புல ஓடினதால அதுலயும் அதே கதி. ஒரே கிணறு, ரெண்டு மோட்டார்! ஜஸ்ட் இன் டைம் என்ற வித்தையை உலகத்துக்குச் சொல்லிக் குடுத்தவங்களுக்கே இந்த நிலைமைன்னா, காலையில போற லோடை நம்பி லைன் ஓடற நம்ம ஊர் கம்பெனிகளை நினைச்சுப் பாருங்க.

இனி நல்ல பக்கம். 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியை ரான்சம்வேர் தாக்குச்சு. அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டதா அரசாங்கம் பார்லிமென்ட்ல சொல்லுச்சு. ரெண்டு வாரத்துக்கு ஓபி சீட்டெல்லாம் கையாலதான் எழுதினாங்க. ஆனா இ-ஹாஸ்பிடல் டேட்டா திரும்பி வந்துச்சு. எப்படி? தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வர் இருந்துச்சு. அவ்வளவுதான் ரகசியம்.

"கிளவுட்ல போட்டா பிரச்சினையே இல்லை"ன்னு ஒரு கோஷ்டி உண்டு. 2024 மே மாசம் ஆஸ்திரேலியாவோட யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதி, ஆறு லட்சத்துக்கும் மேல உறுப்பினர்கள், கூகுள் கிளவுட்ல விஎம்வேர் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. ஆரம்பத்துல செட் பண்ணினப்போ கூகுள் பக்கம் ஒரு அளவுருவைக் காலியா விட்டதால, குறிப்பிட்ட காலம் முடிஞ்சதும் அந்த மொத்த அமைப்பும் தானாவே அழிஞ்சு போச்சு. அவங்க மீண்டு வந்தாங்க. காரணம், கூகுளுக்கு வெளியே இன்னொரு நிறுவனத்துகிட்டயும் பேக்கப் வெச்சிருந்தாங்க. கிளவுட் என்பதும் யாரோ ஒருத்தரோட கிணறுதான் மக்கா.

அப்புறம் இடம். எதிர் ஷெட்டுல ஒரு பொட்டி வெச்சுட்டு "ஆஃப்சைட் பேக்கப்"னு சொல்றவங்களுக்கு 2015 டிசம்பரை ஞாபகப்படுத்தறேன். செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்து வீடு. அந்த வெள்ளத்துல ஹூண்டாய், ரெனோ-நிஸான், ஃபோர்டு எல்லாமே உற்பத்தியை நிறுத்தினாங்க. உங்க ஷெட்டுக்குள்ள தண்ணி வந்தா எதிர் ஷெட்டு மட்டும் என்ன நோவா கப்பலா?

மூணு நகல், ரெண்டு வித மீடியா, ஒண்ணு வெளியூர்ல. இந்த 3-2-1 கணக்கைப் பிரபலமாக்கினவர் பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராஃபர். கம்ப்யூட்டர் விஞ்ஞானி இல்லீங்க, போட்டோ புடிக்கிறவர். அவருக்குப் புரிஞ்சது நம்ம எம்.பி.ஏ. மேனேஜர்களுக்குப் புரியாதா? புரியும். புரிய வேண்டிய அவசியம் வரலை, ஏன்னா வலி அவங்களுக்கு இல்லை.

சட்டம் இல்லையான்னா அதுவும் இருக்கு. கம்பெனிச் சட்டத்துக்குக் கீழே வர்றவங்க எலக்ட்ரானிக் கணக்குப் புத்தகங்களை இந்தியாவுக்குள்ள இருக்கிற சர்வர்ல தினமும் பேக்கப் எடுக்கணும்னு 2022 ஆகஸ்ட்ல விதியைத் திருத்தினாங்க. அதுக்கு முன்னாடி "அவ்வப்போது"ன்னு இருந்துச்சு, "தினமும்"னு மாத்தினாங்க. வாகன பார்ட்ஸ் கம்பெனிகளுக்கான ஐஏடிஎஃப் 16949 தரச் சான்றிதழும், சைபர் தாக்குதல் உட்பட அவசர நிலைமைக்குத் திட்டம் வெச்சு அதை அப்பப்போ சோதிச்சுப் பார்க்கச் சொல்லுது. ஆடிட் அன்னிக்கு ஒரு ஃபைல், அழகான கவர், உள்ளே ஒரு டேபிள், அதுல எல்லா வரிசையிலயும் டிக். ஆடிட்டர் "ஒரு மெஷினை எனக்கு எதிர்ல ரீஸ்டோர் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேட்டு இதுவரைக்கும் நான் பார்க்கலை. ஒரே ஒரு தடவை கேட்டாப் போதும், பாதி கம்பெனி வேர்த்து வழியும்.

சும்மா திட்டிட்டுப் போறதுல பிரயோஜனம் இல்லை. ரெண்டே ரெண்டு விஷயம் கேக்கறேன்.

ஒண்ணு: ஃபயர் டிரில் மாதிரி ரீஸ்டோர் டிரில். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஏதாவது ஒரு மெஷினைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, வேற பொட்டியில எழுப்பிக் காட்டணும். பேக்கப் ஓடுதுன்னு வர்ற பச்சை மெயிலை நம்பக் கூடாது. எழுப்பிப் பார்க்காத பேக்கப், திறந்து பார்க்காத டிபன் பாக்ஸ் மாதிரி. உள்ளே சோறு இருக்கா, காலியான்னு பசிக்கும்போதுதான் தெரியும்.

ரெண்டு: கையெழுத்து. பேக்கப் கேட்டு ஐடி ஆளு குடுக்கற கோரிக்கையை மறுக்கலாம், தப்பில்லை. காசு இருக்கோ இல்லையோ, அது முதலாளி உரிமை. ஆனா மறுக்கறவர் ஒரு வெள்ளைத்தாள்ல, "இந்தப் பதினாலு மெஷினும் போனா திரும்ப வராது என்பது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் வேண்டாம்னு சொல்றேன்"னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்த ஒரு தாளுக்கு இருக்கிற சக்தி எந்த சாஃப்ட்வேருக்கும் கிடையாது. எழுதச் சொல்லிப் பாருங்க, பாதி பேருக்கு அப்பவே பட்ஜெட் கிடைக்கும். மீதிப் பேர் கையெழுத்துப் போட்டாங்கன்னா, நாளைக்குப் பையன் தலை தப்பும்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா, கையெழுத்துக் கேட்டா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். கேக்காட்டியும் தூக்கறாங்களே சாமி. மேல அதைத்தானே சொன்னேன்.

இப்ப, பொறுமையா இது வரைக்கும் வந்த கவிஞர்களுக்கும் சினிமா விமர்சகர்களுக்கும். ராயர் காபி கிளப், மரத்தடின்னு நம்ம ஆளுங்க விடிய விடிய சண்டை போட்ட யாஹூ குழுமங்களை 2020 டிசம்பர்ல யாஹூ மொத்தமா மூடிடுச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே பழைய மடல்களைத் தளத்துலேர்ந்து எடுத்தாச்சு. ஜியோசிட்டீஸ் 2009-லயே போச்சு. யாராவது எடுத்து வெச்ச மடல் இருக்கு, எடுத்து வைக்காதது இல்லை. உங்க பதிவும் யாரோ ஒருத்தரோட ஸ்டோரேஜ்லதான் உட்கார்ந்திருக்கு. பிளாக்கர் செட்டிங்ஸ்ல போய் பேக்கப் பட்டனை அழுத்தினா மொத்தப் பதிவும் பின்னூட்டமும் உங்க கைக்கு வந்துடும். ஓசிதான். வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போட அங்கே வேற முதலாளி இல்லை, நீங்கதான்.

பொட்டி தட்டற மக்களுக்குத் தனியா: இன்னிக்கு ஆணி குறைஞ்சதும் ஒரே ஒரு மெஷினை எடுத்து வேற இடத்துல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. எழுந்து நின்னா, "வெட்டியா பயமுறுத்தறான்"னு என்னைத் திட்டி நாலு பின்னூட்டம் போடுங்க, சந்தோஷமா வாங்கிக்கறேன். எழுந்து நிக்கலைன்னா பின்னூட்டம் போட நேரம் செலவழிக்காதீங்க. வெள்ளைத்தாளை எடுத்துக்கிட்டு எம்.டி. ரூமுக்குப் போங்க.

டிஸ்கி: எங்க ஸ்டோரேஜ்தான் உலகத்திலேயே பெஸ்ட், சாகவே சாகாதுன்னு சொல்ல வர்ற விற்பனை அண்ணாச்சிகளுக்கும் பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. அந்த வெள்ளைத்தாள்ல நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பினீங்கன்னா உடனே வெளியிடறேன் :-)